கோடையும் எங்கள் தோட்டமும்

பிழைப்பை நாடி வெளி மாகாணங்களுக்கு வந்து வாழும் நம்மவர் வீடுகளில், ஒரு தொட்டியிலேனும் கறிவேப்பிலைக் கன்று வைக்காத வீட்டைக் காண்பது அரிது. அந்த ஒரு கன்றைக் கோடையில் காப்பாற்றுவதற்குள் வீட்டார் படும் பாட்டை அன்பர்கள் அறிவார்கள். அப்படியிருக்க, ஏறத்தாழ 10 சென்ட் நிலத்தில் காய்கறித் தோட்டம் போட்டுவிட்டு, வங்காளத்து வெயிலில் அகப்பட்டுக்கொண்ட எங்கள் பாடு எப்படி இருந்திருக்கும் என்பதை நாங்கள் சொல்லவும் வேண்டுமோ?

இதை எழுதுகிறவன் பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன், வயது முப்பத்தைந்து. ஆயினும் தோட்டத்தில் பாடுபட்டதில் தாயார், மனைவி, குழந்தைகள் இருவர் ஆகிய அனைவருக்கும் பங்கு உண்டு. அதில் நேர்ந்த ஒரு தவற்றிலும் கணவன், மனைவி இருவருக்கும் சம பங்கு உண்டு. ஆகையால் ‘நாங்கள்’ என்றே எழுதிச் செல்கிறோம்.

2022ஆம் ஆண்டு மே மாதம் நாங்கள் கரக்பூருக்கு மாற்றலாகி வந்தோம். கரக்பூர் என்றதும் பலருக்கும் அதன் நீண்ட பிளாட்பாரம் நினைவுக்கு வரும். 1,072 மீட்டருக்கும் மேற்பட்ட அந்த மேடை நெடுங்காலம் உலகிலேயே மிக நீளமானது என்று புகழ் பெற்றிருந்தது. 2013இல் கோரக்பூரும், 2023இல் ஹூப்ளியும் அப்பெருமையைப் பறித்துக்கொண்டன. எங்களுக்கோ அந்த மேடையைவிட வியப்பளித்தது எங்களுக்குக் கிடைத்த பழைய குவார்ட்டர்ஸ்தான். வீடு சிறியது; ஓடுகள் ஒழுகும். ஆனால் வீட்டைச் சுற்றிக் கிடந்த நிலமோ பெரியது. ஒரு மாமரம், ஒரு முருங்கை, உறை இறக்கிய 30 அடிக் கிணறு ஒன்று, பின்மதிலில் துருப்பிடித்த பூட்டுடன் ஒரு சிறு கதவு. மற்றதெல்லாம் முட்செடியும் கோரையும்.

தந்தையார் காலமான பிறகு ஊரில் தனித்திருந்த தாயாரை நாங்கள் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தோம். புதுக்கோட்டைச் சீமையில் ஒரு சிற்றூர் எங்களுடையது. மொழி தெரியாத ஊரில் பேசத் துணையின்றித் தாயார் நாள் முழுதும் வாசற்படியில் அமர்ந்திருப்பார். ஒரு நாள் எழுந்து போய் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தார். “நம்ம ஊர்ச் செம்புராங்கல் மண் மாதிரியே இருக்கே, தம்பி!” என்றார். அன்று மாலையே மண்வெட்டி வாங்கி வந்தோம்.

முதல் ஆண்டு எங்களுக்குக் கிடைத்தது காயன்று, பாடம். “ஆடிப் பட்டம் தேடி விதை” என்ற மூதுரையை நம்பி, ஊரிலிருந்து வரவழைத்த விதைகளை ஆடி பிறந்ததும் ஊன்றினோம். பின்மதிலுக்கு அப்பால் உள்ள குடிசை வரிசையில் வசிக்கும் வயதான வங்காள மாது ஒருத்தி, முன்னரே எங்களை எச்சரித்திருந்தாள். “ஆஷாடம் பிறப்பதற்குள் விதைத்துவிடுங்கள்” என்று அவள் சொன்னபோது, ஆஷாடம் என்பது நம் ஆடிதானே என்று எண்ணி வாளாவிருந்துவிட்டோம். பெயரில் உறவு உண்டு, கணக்கில்தான் வேற்றுமை. வங்காளிகளின் ஆஷாடம் ஜூன் நடுவில், நம் ஆனியோடு பிறக்கிறது. நம் ஆடி அவர்களுக்குச் சிராவணம். நாங்கள் விதைத்தபோது தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஒரு மாதத்திற்கு மேல் ஆகிவிட்டது. விதைத்த குழிகளில் நீர் நின்றது. முளைத்த நாற்றுகள் வேரழுகி விழுந்தன. பஞ்சாங்கம் நம்முடையதாக இருக்கலாம். மழை அந்த ஊருடையதன்றோ?

அந்த மாதை அக்கம்பக்கத்தார் ‘மாசி’ என்று அழைப்பார்கள். வங்காளத்தில் அது மாதத்தின் பெயரன்று. தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் முறைப்பெயர். பின்கதவின் பூட்டை எண்ணெயிட்டுத் திறந்தது அவள் வந்து போவதற்காகவே. அவள் எங்கள் தாயாரை ‘தீதி’ என்பாள்; மனைவியை ‘பௌமா’, அதாவது மருமகளே என்பாள். இவருக்கு வங்காளம் தெரியாது. அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் இருவரும் மணிக்கணக்காகப் பேசிக்கொள்வார்கள். முருங்கைப் பூவை வதக்கி உண்பதை அவள் கற்றுக்கொடுத்தாள். முருங்கைக் கீரையைப் பருப்பிலிட்டுக் கடைவதைத் தாயார் கற்றுக்கொடுத்தார்.

‘பட்டோல்’ என்று வங்காளிகள் விரும்பி உண்ணும் ஒரு காய் உண்டு. நம் கோவைக்காயைவிடப் பருமனாயிருக்கும். அதன் கொடியைக் கார்த்திகைக்கு முன்பே நட்டு, அடுத்த பங்குனியில் பூத்ததும் மகிழ்ந்துபோனோம். பூவெல்லாம் உதிர்ந்ததே தவிர ஒன்றும் காய்க்கவில்லை. மாசி வந்து பார்த்துச் சிரித்தாள். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு என்பதும், பத்துப் பெண் கொடிக்கு ஓர் ஆண் கொடியேனும் வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. மறுநாள் விடியலில் தன் வீட்டுக் கொடியிலிருந்து ஆண் பூக்களைக் கொண்டுவந்து, எங்கள் பெண் பூக்களில் தொட்டுத் தடவிக் காட்டினாள். பின்னர் எல்லாம் காய்த்தன.

இவ்வாறு 2023ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் தோட்டம் தோட்டமாயிற்று. கோடை வேலை என்பது பெரும்பாலும் நேரத்தை அறிந்து செய்யும் வேலை. விடியுமுன் எழுந்து நீர் ஊற்றவேண்டும்; உச்சி வெயிலில் ஊற்றும் நீரில் பாதியை ஆகாயமே குடித்துவிடும். பூசணி விடியலில் மலரும். பீர்க்கு மாலையில் மலரும். வண்டு வராத நாளில் அந்தந்த நேரத்தில் நாங்களே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுவோம். பாகற்பிஞ்சைப் பழ ஈ குத்திவிடுமாகையால், பிஞ்சிலேயே செய்தித்தாளைச் சுற்றிக் கட்டுவது குழந்தைகளின் வேலை. குத்துப்பட்டு உதிர்ந்த பிஞ்சுகளை அங்கேயே விடாமல் பொறுக்கி ஆழப் புதைப்பது தாயாரின் வேலை. காய்ப்பு ஓய்ந்ததும் முருங்கையை மூன்றடி உயரத்தில் வெட்டிவிடவேண்டும். இல்லையேல் கோடைப் புயல் வெட்டிவிடும். அந்த ஆண்டு அலுவலக நண்பர்களுக்கெல்லாம் வெண்டையும் கத்தரியும் பை பையாகக் கொடுத்தோம். அவர்கள் புகழ்ந்தார்கள், எங்கள் தலையும் சற்றுக் கனத்தது.

நிற்க. இனிச் சொல்லவேண்டியது 2024ஆம் ஆண்டுக் கோடையைப் பற்றி.

அந்த ஏப்ரல் மாதத்தைத் தென் வங்காளத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். மழை பொய்த்தது, அனற்காற்று நாள்தோறும் வீசியது. எங்கள் ஊரை அடுத்த கலைக்குண்டாவில் ஏப்ரல் 30ஆம் நாள் வெப்பம் 47.2 டிகிரி செல்சியஸ் என்று பதிவாயிற்று. எங்கள் கிணற்றில் நீர் நாலடிக்கும் கீழே இறங்கிவிட்டது. மோட்டாரின் குழாய் நீருக்கு மேலே நின்றமையால், கப்பியும் கயிறுமே கதியாயின. வீட்டுக்குக் குழாய் நீர் இருந்தது. தோட்டத்துக்குக் கிணறு ஒன்றே ஆதாரம்.

குமாஸ்தாத் தொழிலின் பழக்கத்தால் நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நீர்க் கணக்கு எழுதி வந்தோம். 15 லிட்டர் வாளியில் காலையில் 40, மாலையில் 30, ஆக நாளொன்றுக்கு 70 வாளி. அதற்கு மேல் இறைத்தால் சேறு வரும். 70 வாளியில் தோட்டம் தட்டுத்தடுமாறிப் பிழைத்துவிடும் என்பது எங்கள் கணக்கு.

அந்த வேளையில் பின்மதிலுக்கு அப்பால் இருந்த கைப்பம்பு வற்றியது. அங்குள்ள 11 குடும்பங்களுக்கும் அது ஒன்றே ஆதாரம். அடுத்த பம்பு ரயில் பாதையைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. முதல் நாள் மாசி இரண்டு குடங்களுடன் பின்கதவில் வந்து நின்றாள், மகிழ்ச்சியோடு கொடுத்தோம். இரண்டாம் நாள் ஐந்து பெண்கள் வந்தார்கள். மூன்றாம் நாள் பத்துப் பேருக்கு மேல் வந்து, காலை எட்டு மணிக்கே கயிற்றில் சேறு ஏறிற்று. அன்று மாலை கத்தரி இலைகள் துவண்டன. கீரைப் பாத்திகள் வெளிறின. இரண்டாண்டு உழைப்பு எங்கள் கண் முன்னே கருகுவதாகத் தோன்றியது.

அன்றிரவு நாங்கள் இருவரும் கூடிப் பேசி, பின்கதவைப் பூட்டினோம்.

நான்காம் நாள் காலையில் கதவு தட்டப்பட்டது. திறக்காமலே, கம்பி இடுக்கின் வழியாக, “கிணற்றில் நீர் இல்லை, மாசி” என்றோம். அப்போதுதான் நீர் ஊற்றி முடித்திருந்தோம். எங்களுக்குப் பின்னால் பாத்திகள் ஈரமாய், கரிய நிறமாய், வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. மாசி அவற்றைப் பார்த்தாள். எங்கள் முகத்தையும் பார்த்தாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ரயில் பாதையை நோக்கி நடந்தாள். அவள் திட்டியிருந்தால் நாங்களும் நாலு வார்த்தை பேசி மனத்தை ஆற்றிக்கொண்டிருப்போம். அந்த வாய்ப்பை அவள் எங்களுக்குக் கொடுக்கவில்லை.

தாழ்வாரத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த தாயார் அனைத்தையும் கேட்டிருந்தார். பகல் முழுதும் அவர் பேசவில்லை. இரவு இலையின் முன் அமர்ந்தவர், சோற்றில் கைவைக்காமல் சொன்னார்:

“தம்பி, நம்ம ஊர்க் கிணறு வத்தின வருஷம் உனக்கு நினைப்பு இருக்கா?”

இருந்தது. 2003ஆம் ஆண்டுக் கோடை. தமிழ்நாடெங்கும் வறட்சி. ஊர்ப் பொதுக் கிணறு தரை தட்டியபோது, ஊருக்குக் கிழக்கே ஒருவர் தம் வயல் கிணற்று மோட்டாரை நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் ஊராருக்காக ஓடவிட்டார். அவருடைய கரும்பு கண்ணெதிரே காய்ந்தது.

“அந்த வரிசையில ரெண்டு தவலையோட நின்ன பையன் நீதானே? யார் வீட்டுப் பிள்ளைன்னு அவர் ஒரு நாள் கேட்டாரா? தாகத்துக்கு இல்லைன்னு சொல்லிட்டு, காய்க்கு ஊத்துற தண்ணி எனக்கு வேண்டாம். அந்தக் காயும் வேண்டாம்.”

மனைவி தலைகுனிந்து, “தப்புத்தான், அத்தை” என்றாள். அதற்கு மேல் எங்களால் ஒன்றும் சொல்லக் கூடவில்லை.

மறுநாள் பொழுது புலருமுன், நாங்கள் எழுந்து வருவதற்குள்ளாகவே, தாயார் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் அருகில் நின்றிருந்தார். நாங்கள் மதிலுக்கு அப்பால் சென்று, மாசியின் வாசலில் நின்று, “நேற்று நாங்கள் சொன்னது பொய். வந்து நீர் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றோம். அதைச் சொல்ல நாக்குத் தடுமாறிற்று என்பதை மறைப்பானேன்? மாசி சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு உள்ளே திரும்பி, குடத்தை எடுத்தாள்.

நோட்டுப் புத்தகத்தில் புதுக் கணக்கு எழுதப்பட்டது. குடும்பத்துக்கு 4 வாளி வீதம் 11 குடும்பங்களுக்கு 44 வாளி. தோட்டத்துக்கு எஞ்சியது 26. கயிற்றைப் பிடித்து இறைக்கும் முறையையும், யார் எப்போது வருவது என்பதையும் பெண்களே தங்களுக்குள் வகுத்துக்கொண்டார்கள். அதன்பின் சேறு வரவில்லை. முந்திக்கொள்ளும் ஆரவாரமும் இல்லை.

26 வாளியில் எதைக் காப்பது, எதைக் கைவிடுவது? இதைவிடக் கடினமான வேலையை நாங்கள் தோட்டத்தில் செய்ததில்லை. நீரை மிகுதியாய்க் குடிப்பவை கீரையும் வெள்ளரியும். மூன்று கீரைப் பாத்திகளையும் வெள்ளரிக் கொடிகளையும் அன்றே விட்டுவிட்டோம். புடலைக் கொடி தானாகவே காய்ந்தது. பீர்க்கில் பாதியை வெட்டினோம். கத்தரியைக் கிளை குறைத்து, இலையைக் குறைத்து, வேரை மட்டும் காப்பது என்று முடிவு செய்தோம். வெண்டையும் மிளகாயும் ஓரளவு வறட்சி தாங்கும். முருங்கைக்கும் மாவுக்கும் நாங்கள் கவலைப்படவே தேவையில்லை. கறிவேப்பிலை, எலுமிச்சைக் கன்றுகளுக்கு மட்டும் முதல் உரிமை அளித்தோம். காய்ச்செடி போனால் அடுத்த ஆண்டு வரும், மரக்கன்று போனால் ஆண்டுகள் போகும். அரிசி களைந்த நீரும் பாத்திரம் அலசிய நீரும் வாழைக்குச் சென்றன. மனைவி தன் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த மல்லிகைப் பதியனுக்குப் பங்கு கிடைக்கவில்லை. அதை வேண்டாம் என்று சொன்னவளும் அவளே. அது பிழைக்கவில்லை.

நாங்கள் கொடுத்தது நீர் மட்டுமே. மதிலுக்கு அப்பாலிருந்து வந்தவையோ பல. மாசியின் உறவினர் ஒருவர் கிராமத்திலிருந்து சைக்கிள் நிறைய வைக்கோல் கொண்டுவந்து போட்டார். அதைச் செடிகளின் அடியில் நாலு விரல் கனத்துக்குப் பரப்பியதும், காலையில் ஊற்றிய ஈரம் மாலைவரை நின்றது. சந்தாலியர் குடும்பம் ஒன்று பழைய மண்பானைகள் நான்கைத் தந்தது. அவற்றின் அடியில் சிறு துளையிட்டு, துணித் திரி செருகி, செடிகளுக்கு நடுவே கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பினோம். பானை தானே மெல்லக் கசிந்து வேருக்கு நீரூட்டியது. மேல்மண் நனையாததால் வீணாவதும் குறைந்தது. மேட்டுப் பாத்தி மழைக்காலத்துக்கே ஏற்றது, கோடையில் செடியைப் பள்ளத்தில் வைக்கவேண்டும் என்பதையும் அவர்களே சொன்னார்கள். 70 வாளியை ஊற்றிக்கொண்டிருந்த நாளில் இவை எவையும் எங்களுக்குத் தோன்றவில்லை. நீர் இருந்ததால் அறிவு தேவைப்படவில்லை போலும்!

மே மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை வடமேற்கு வானம் கறுத்தது. ‘கால்பைசாகி’ என்று வங்காளிகள் சொல்லும் கோடைப் புயல் அது. வைசாக மாதத்தில், அதாவது நம் சித்திரையில், பகல் வெப்பம் முற்றிய பின் திடீரென்று எழுந்து, அரை மணி நேரத்தில் ஆடித் தீர்த்துவிட்டுப் போகும். முதலில் புழுதி, பிறகு காற்று, அதன்பின் கல்மாரியோடு கலந்த மழை. நாங்கள் தாழ்வாரத்தில் நின்று மழையைக் கண்டு மகிழ்வதா, முறிந்து சாயும் பந்தலைக் கண்டு வருந்துவதா என்று அறியாமல் திகைத்தோம். எஞ்சியிருந்த பீர்க்கும் பாகலும் அந்தப் பந்தலில்தான் இருந்தன.

காற்று முழுதும் அடங்குவதற்குள் பின்கதவு திறந்தது. யாரும் அழைக்கவில்லை. ஆறேழு பேர் மூங்கிலும் கயிறுமாக உள்ளே வந்தார்கள். அவர்களுடைய கூரைகளும் அன்று பிய்ந்திருந்தன என்பதைப் பின்னரே அறிந்தோம். கொடிகள் அறுந்துபோகாதபடி இருவர் கையில் தாங்கிக்கொள்ள, மற்றவர்கள் கால் நட்டுப் பந்தலைத் தூக்கி நிறுத்தினார்கள். மாசி ஈர மண்ணில் குந்தியிருந்து, சாய்ந்த கத்தரிச் செடிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைத்தாள். தாயார் சுக்கு மல்லிக் காப்பி போட்டுக் கொடுத்தார். மாசி ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்து, பின் மீதியையும் குடித்துவிட்டாள். அந்த நான்காம் நாளுக்குப் பிறகு அவள் எங்களைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

பிறகு அவ்வப்போது மழை பெய்தது, கிணறும் ஊறியது, கைப்பம்பிலும் நீர் வந்தது. கிளை குறைத்த கத்தரி புதுத் தளிர்விட்டு மழைக்காலம் முழுதும் காய்த்தது. அந்தக் கோடையில் அலுவலக நண்பர்களுக்குக் கொடுக்க எங்களிடம் காய் இல்லை. “என்ன சார், தோட்டம் படுத்துவிட்டதா?” என்று கேட்டவர்களுக்கு, “ஆம்” என்று மட்டும் சொன்னோம்.

குவார்ட்டர்ஸ் எங்களுக்குச் சொந்தமன்று. மாற்றல் உத்தரவு ஒன்று வந்தால் கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் விட்டுவிட்டுப் போகவேண்டியவர்கள்தாம் நாங்கள். அந்தக் கிணற்றையும் யாரோ தோண்டினார்கள். அந்த மாமரத்தையும் யாரோ வைத்தார்கள். அவர்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அவர்களுடைய நீரைத்தான் நாங்கள் எங்களுடையது என்று பூட்டி வைத்தோம் என்பதை நினைக்கும்போது இன்றும் கூச்சமாக இருக்கிறது.

வெளியூரில் தோட்டம் போட விரும்பும் அன்பர்களுக்கு எங்கள் அனுபவத்தில் இரண்டொரு வார்த்தை சொல்லலாம். ஊரிலிருந்து விதை கொண்டுவாருங்கள். பட்டத்தை மட்டும் அந்த ஊராரிடம் கேளுங்கள். கோடை வருமுன் வைக்கோலும் பானையும் சேர்த்து வையுங்கள். கிணறு இருக்குமானால், எத்தனை வாளி தோட்டத்துக்கு என்று கணக்கிடுவதற்கு முன், மதிலுக்கு அப்பால் எத்தனை வீடுகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு பட்டோல் பந்தலில் ஆண் கொடியும் சேர்ந்தே படர்ந்திருக்கிறது, மாசி நட்டது. விடியலில் அவளும் தாயாரும் அதன் கீழே பூத் தடவிக்கொண்டு, தங்கள் தங்கள் மொழியில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பின்கதவின் பூட்டு எங்கே போயிற்று என்று எங்களுக்குத் தெரியவில்லை. தாயாருக்குத் தெரிந்திருக்கலாம்; நாங்கள் கேட்கவில்லை.